கட்டைக்குள் அடங்கும் துப்பாக்கி

தமிழ்ச் சங்க இதழில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். இது வேட்டையைப் பற்றிய கட்டுரை அன்று. எடையையும் மூட்டையும் பற்றிய ஒரு பாடம். ஒரு கருவியை எவ்வளவு தூரம் இலேசாக்கலாம்? அதைத் துண்டு துண்டாகக் கழற்றி மறுபடி பூட்டினால் பழையபடி நேராக நிற்குமா? இந்த இரண்டு கேள்விகளும் டிப்ளமா படித்துவிட்டு ரயில் பாதையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த எனக்குப் பழக்கமானவை. அவற்றுக்கு ஒரு சின்னத் துப்பாக்கி சொல்லும் பதில் என்னைப் போன்றவர்களுக்குச் சுவையானது. பத்தாம் வகுப்புப் பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கும் எட்டும்.

முதலில் தேவை என்ன என்று பார்ப்போம். அலாஸ்காவிலோ வட கனடாவிலோ ஒரு விமானம் கீழே விழுகிறது. விமானி பாராசூட்டில் குதித்துத் தப்பிவிட்டார். நாலாபுறமும் நூறு மைலுக்கு மனித வாடை கிடையாது. கையில் இருப்பது இருக்கைக்கு அடியில் கட்டிவைத்த சிறு பை மட்டும். அந்தப் பைக்குள் மருந்து, கத்தி, தீப்பெட்டி, தூண்டில் இவற்றோடு ஒரு துப்பாக்கியும் அடங்க வேண்டும். சாதாரண ரைபிள் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், மூன்று நான்கு கிலோ எடை. அதை எப்படி இருக்கைக்கு அடியில் மடக்குவது?

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் விமானப்படை ஆப்பிரிக்காவில் பறந்த தன் விமானிகளுக்கு எம்-30 என்ற மூன்று குழல் துப்பாக்கியைக் கொடுத்தது. இரண்டு குழல் சிதறு குண்டுக்கு, ஒன்று ரைபிள் குண்டுக்கு. பணக்கார வேட்டைக்காரர்கள் வைத்திருப்பதைப் போன்ற அழகான வேலைப்பாடு. அலுமினியப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். அழகுக்குக் குறைவில்லை, எடைக்கும் குறைவில்லை. அமெரிக்கர்களின் வழி வேறு. 1949இல் வந்த எம்-4 என்ற துப்பாக்கியில் கட்டைக்குப் பதில் வளைத்த கம்பிதான். அதற்கடுத்த எம்-6 இன்னும் விசித்திரம். மேலே ஒரு ரைபிள் குழல், கீழே ஒரு சிதறு குண்டுக் குழல். நடுவில் கீல் வைத்துப் புத்தகம்போல் மடக்கினால் 38 சென்டிமீட்டர். அதில் விரலால் இழுக்கும் விசை கிடையாது, முழுக்கையால் அழுத்தும் ஒரு பட்டைதான் உண்டு. காரணம் எளிது. பனியில் தடித்த கையுறை போட்டவனின் விரல் சாதாரண விசைக்குள் நுழையாது. பார்ப்பதற்கு ஏதோ தகர வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்தப் பட்டையை வைத்தவர் பயன்படுத்துபவனின் கையை நினைத்துப் பார்த்தவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஆர்மலைட் என்ற சிறிய கலிபோர்னிய நிறுவனம் உள்ளே வருகிறது. விமானம் கட்டும் ஃபேர்சைல்டு கம்பெனியின் ஒரு பிரிவு அது. துப்பாக்கி என்றால் எஃகும் வால்நட் மரமும் என்றிருந்த காலத்தில், விமானத்துக்கு உதவும் அலுமினியமும் பிளாஸ்டிக்கும் துப்பாக்கிக்கும் உதவாதா என்று கேட்டவர்கள் அவர்கள். அங்கே பணியாற்றிய யூஜீன் ஸ்டோனர் (1922-1997) பிற்காலத்தில் எம்-16 என்று உலகம் முழுதும் பெயர் பெற்ற துப்பாக்கியின் மூல வடிவத்தைத் தந்தவர். ஆர்மலைட் செய்த ஏ.ஆர்-5 என்ற தப்பிப் பிழைக்கும் துப்பாக்கியை அமெரிக்க விமானப்படை 1956இல் எம்.ஏ-1 என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டது. ஏற்றதோடு சரி. கிடங்கில் எம்-4ம் எம்-6ம் ஏராளமாகக் கிடந்ததால் பெரிய கொள்முதல் எதுவும் வரவில்லை. ஏற்பு வேறு, கொள்முதல் வேறு என்பதை அரசாங்க உத்தியோகம் பார்த்த நம்மவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

படித்த பாடம் வீண் போகவில்லை. அதே யோசனையைப் பொதுமக்களுக்காக மாற்றி, 1959இல் ஏ.ஆர்-7 என்ற .22 துப்பாக்கியை ஸ்டோனர் வடிவமைத்து நிறுவனம் விற்பனைக்கு விட்டது. நம் பாடத்தின் கதாநாயகன் இதுதான். பூட்டிய நிலையில் நீளம் 89 சென்டிமீட்டர், கழற்றினால் 42 சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ 1.1 கிலோ. 1963இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஃப்ரம் ரஷ்யா வித் லவ்’ பார்த்தவர்கள் கைப்பெட்டியிலிருந்து துண்டுகளை எடுத்துப் பூட்டும் காட்சியை நினைவில் வைத்திருப்பார்கள். அது இந்தத் துப்பாக்கிதான். படத்தில் அதை வைத்து ஹெலிகாப்டரையே சமாளித்துவிடுகிறார்கள். உண்மையில் அது முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் மேல் ஆசைப்படாத துப்பாக்கி.

கழற்றிப் பூட்டும் முறையைச் சொல்கிறேன். பின்கட்டை உள்ளே பொள்ளலான பிளாஸ்டிக் கூடு. அதன் பின்முனையில் உள்ள ரப்பர் மூடியை இழுத்தால் குழல், ரிசீவர் என்று சொல்லும் நடு உடல், தோட்டாக்கள் அடங்கும் மேகஸின் மூன்றும் தத்தம் பள்ளங்களில் படுத்திருக்கும். ரிசீவரைக் கட்டையின் முன்புறம் பொருத்திப் பிடிப்பகுதியின் அடியில் இருக்கும் பெரிய திருகைக் கையால் முடுக்க வேண்டும். குழலின் அடியில் ஒரு சிறிய ஆணி துருத்திக்கொண்டிருக்கும். அது ரிசீவரில் உள்ள காடியில் உட்கார வேண்டும். பிறகு குழலோடு இருக்கும் பெரிய நட்டைச் சுற்றி முடுக்கினால் வேலை முடிந்தது. ஸ்பானர் வேண்டாம், ஸ்குரூ டிரைவர் வேண்டாம். பூட்ட ஒரு நிமிடம் போதும். துண்டுகளை உள்ளே வைத்து மூடிவிட்டால் கட்டை தண்ணீரில் மிதக்கும். படகு கவிழ்ந்தாலும் துப்பாக்கி மூழ்காது. நெடுநேரம் கிடந்தால் உள்ளே நீர் கசியும் என்பது வேறு விஷயம்.

இலேசாக்கியதன் இரகசியம் உலோகம். எஃகின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்துக்கு 2.7. அதாவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே அதிகம். உப்புக் காற்றில் அலுமினியம் எஃகைப்போல் துருப்பிடிப்பதும் இல்லை. ஆனால் குண்டு உராய்ந்து போகும் உட்சுவருக்கு அலுமினியம் தாங்காது. ஆகவே உள்ளே மெல்லிய எஃகுக் குழாய், வெளியே அலுமினியப் போர்வை என்று குழலைச் செய்தார்கள். வேலை எங்கே நடக்கிறதோ அங்கே மட்டும் கனமான உலோகம். இதில் ஒரு சங்கடம் உண்டு. சூட்டில் அலுமினியம் எஃகைப்போல் இரண்டு மடங்கு நீளும். 40 டிகிரி வித்தியாசத்துக்கு 40 சென்டிமீட்டர் எஃகு 0.18 மில்லிமீட்டர் நீண்டால், அதே நீள அலுமினியம் 0.37 மில்லிமீட்டர் நீளும். நம் 13 மீட்டர் தண்டவாளம் அதே 40 டிகிரிக்கு 6 மில்லிமீட்டர் நீள்கிறது. அதற்காகத்தான் பழைய பாதைகளில் மூட்டுக்கு மூட்டு இடைவெளி விட்டோம். துப்பாக்கியில் இடைவெளி விட முடியாது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு உலோகங்களைச் சேர்த்து வாழவைக்கும் பொறுப்பு வடிவமைப்பவருடையது.

அடுத்தது தோட்டா. எம்.ஏ-1இல் பயன்பட்டது .22 ஹார்னெட் என்ற வலுவான தோட்டா. ஏ.ஆர்-7க்கு வந்தது .22 லாங் ரைபிள் என்ற சின்னத் தோட்டா. என்.சி.சி.யில் சேர்ந்து சுட்டுப் பழகிய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்கள் சுட்டது இந்த.22ஆகத்தான் இருக்கும். இரண்டிலும் குண்டின் குறுக்களவு ஏறத்தாழ ஒன்றே, வேகம்தான் வேறு. 2.6 கிராம் குண்டு வினாடிக்கு 340 மீட்டர் வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 150 ஜூல். ஹார்னெட்டின் 2.9 கிராம் குண்டு நீண்ட குழலிலிருந்து வினாடிக்கு 820 மீட்டர் போகும்; ஆற்றல் 975 ஜூல். ஆறு மடங்குக்கு மேல். அப்படியிருந்தும் ஏன் சின்னத் தோட்டாவுக்கு இறங்கினார்கள்?

எங்கும் மலிவாகக் கிடைக்கும் என்பது ஒரு காரணம். நூறு தோட்டா சேர்ந்தாலும் மூன்றில் ஒரு கிலோதான் என்பது இன்னொன்று. பொறியியல் காரணம் மூன்றாவது. வலுவான தோட்டா வெடிக்கும்போது பின்கதவை அசையாமல் பூட்டிவைக்க வேண்டும். அதற்குப் பற்கள், சுழலும் போல்ட் என்று கனமான எஃகு வேலை தேவை. சின்னத் தோட்டாவுக்குப் பூட்டே வேண்டாம், போல்ட்டின் எடையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கும் போதும். நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். போல்ட் குண்டைப்போல் நூறு மடங்கு கனம் என்று வைத்துக்கொண்டால், குண்டு 40 சென்டிமீட்டர் ஓடி வெளியேறும் நேரத்தில் போல்ட் 4 மில்லிமீட்டர்தான் பின்வாங்கும். குண்டு போய்விட்ட பிறகு மீதி வேகத்தில் போல்ட் முழுதும் பின்னே வந்து, வெற்றுத் தோட்டாவை வெளியே தள்ளி, ஸ்பிரிங் விசையால் முன்னே போகும்போது அடுத்ததை ஏற்றிக்கொள்ளும். ஆக, தோட்டா சிறுத்ததால் இயந்திரமும் எளிதாயிற்று, எடையும் குறைந்தது. அதற்குக் கொடுத்த விலை இந்தத் துப்பாக்கி கரடியிடமிருந்து காப்பாற்றாது என்பது. வாங்குபவர் அதைத் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான இடத்துக்கு வருகிறேன். அது மூட்டு.

இட்டார்சிப் பகுதியில் நான் வேலை பார்த்த நாள்களில் கீமேன்கள் விடியற்காலையில் தோளில் சுத்தியலும் ஸ்பானரும் மாட்டிக்கொண்டு கிளம்புவார்கள். தங்கள் எல்லைக்குள் வரும் தண்டவாள மூட்டுகளை நடந்தே பார்த்து, ஃபிஷ் பிளேட் போல்ட்டுகளில் தளர்ந்தவற்றை முடுக்கிக்கொண்டு போவார்கள். முழுத் தண்டவாளம் பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை. இரண்டு தண்டவாளம் சேரும் இடம்தான் தாழும், ஆடும், தேயும். கழற்றும் துப்பாக்கிக்கும் இதே விதிதான். முழுத் துப்பாக்கியில் குழலைத் தொழிற்சாலையில் ஒருமுறை முடுக்கிவிட்டால் ஆயுளுக்கும் தொடமாட்டார்கள். இதிலோ ஒவ்வொரு முறையும் கழற்றுகிறோம், குளிரில் விறைத்த கையால் பூட்டுகிறோம். அது போன முறை நின்ற கோணத்திலேயே நிற்குமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழல் 400 மில்லிமீட்டர். மூட்டில் உள்ள ஆட்டத்தால் குழலின் நுனி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 மில்லிமீட்டர் விலகுகிறது என்று கொள்வோம். நோட்டுப் புத்தகத் தாளின் கனம் அவ்வளவுதான். 50 மீட்டர் தூரம் என்பது 400 மில்லிமீட்டரைப்போல் 125 மடங்கு. ஆகவே குண்டு 12.5 மில்லிமீட்டர் விலகிப் போய்ச் சேரும். முயலின் தலை நாலைந்து சென்டிமீட்டர்தான் இருக்கும். அதில் ஒன்றேகால் சென்டிமீட்டர் தவறு என்றால் கால்பங்கு போய்விட்டது. மூச்சு வாங்கும் கையின் நடுக்கம் இன்னும் கணக்கிலேயே வரவில்லை.

இங்கேதான் ஒரு நுட்பம். குறி பார்க்கும் உறுப்புகள் எதன் மேல் இருக்கின்றன என்பதைப் பொறுத்து இந்தத் தவறு கூடும், குறையும். ரிசீவரின் மேல் தொலைநோக்கி வைத்தால் குழல் விலகியது அதற்குத் தெரியவே தெரியாது. தவறு முழுதும் நம் தலையில். ஏ.ஆர்-7இல் முன்குறி குழலின் நுனியிலும், துளை வைத்த பின்குறி ரிசீவரின் பின்புறத்திலும் இருக்கின்றன. குழல் விலகும்போது முன்குறியும் கூடவே நகர்கிறது. இரண்டு குறிகளுக்கும் இடைத்தூரம் 500 மில்லிமீட்டர் என்றால், பார்வைக்கோடு 50 மீட்டரில் 10 மில்லிமீட்டர் அதே பக்கமாக விலகும். குண்டு விலகியது 12.5, பார்வை விலகியது 10. மிஞ்சும் தவறு 2.5 மில்லிமீட்டர் மட்டும். இரண்டு குறிகளையும் குழல் மேலேயே வைத்துவிட்டால் அந்த 2.5ம் இல்லை, மூட்டு ஆடினாலும் குண்டும் பார்வையும் சேர்ந்தே ஆடும். 2012இல் ரூகர் நிறுவனம் கொண்டுவந்த 10/22 டேக்டவுன் துப்பாக்கியில் முன்குறி, பின்குறி இரண்டும் குழல் மேல்தான் இருக்கின்றன. மூட்டையும் அவர்கள் வேறு விதமாகச் செய்தார்கள். குழலை உள்ளே அழுத்தித் திருகினால் பூட்டிக்கொள்ளும். இறுக்கம் போதாவிட்டால் அதற்கென்று இருக்கும் ஒரு வளையத்தைச் சுற்றிச் சரிசெய்யலாம். தேய்மானம் வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கு வழி வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை. ஆனால் அதன் எடை 2.1 கிலோ, நம் கதாநாயகனைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

ஏ.ஆர்-7இன் நட்டு கையால் முடுக்கியது என்பதால் சுடச்சுட அதிர்வில் தளரும். வைத்திருப்பவர்கள் சில குண்டுகளுக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்து முடுக்கிக்கொள்வது வழக்கம். நம் கீமேன் வேலையேதான். இன்னொரு பலவீனம் தோட்டா சிக்குவது. மேகஸினின் மேல்விளிம்புகள் மெல்லிய தகடு. பையில் அழுந்தி ஒரு நூல் வளைந்தால்கூடத் தோட்டா நேராக ஏறாது. தோட்டாவின் வகையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வேகம் குறைந்த தோட்டாவானால் போல்ட் முழுதும் பின்வாங்காமல் பாதியில் நின்றுவிடும். ஆகவே புதிதாக வாங்கிப் பெட்டியோடு பரணில் வைத்து, ஆபத்துக் காலத்தில் முதல் தடவையாக எடுப்பவனுக்கு இது உதவாது. எந்தத் தோட்டா ஒத்துக்கொள்கிறது என்று வீட்டில் இருக்கும்போதே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

இத்தனை குறை இருந்தும் இதற்கு ஆயுள் கெட்டி. ஆர்மலைட் 1973இல் இதை விட்டுவிட்டது. அதன்பின் சார்ட்டர் ஆர்ம்ஸ், சர்வைவல் ஆர்ம்ஸ் என்று கைமாறி, 1990களின் பிற்பகுதியில் ஹென்றி ரிப்பீட்டிங் ஆர்ம்ஸ் நிறுவனத்திடம் வந்து சேர்ந்தது. எடை 1.6 கிலோவாகக் கூடியிருக்கிறது. கட்டைக்குள் எல்லாம் அடங்கும் யோசனை மட்டும் ஸ்டோனர் வைத்தபடியே இருக்கிறது.

சரி, இது உயிரைக் காப்பாற்றுமா? சைவ வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும், கொஞ்சம் கறிக்கணக்குப் பார்த்தாக வேண்டும். பனிமுயல் ஒன்று கிடைத்து, முக்கால் கிலோ கறி தேறினால், அதில் 800 கலோரிக்கு அதிகம் இராது. கடுங்குளிரில் நடந்து, விறகு வெட்டும் ஒருவனுக்கு நாளைக்கு 3,000 கலோரிக்கு மேல் வேண்டும். அதைவிட மோசமான விஷயம், முயல் கறியில் கொழுப்பு மிகக் குறைவு. கொழுப்பும் மாவுப்பொருளும் இல்லாமல் வெறும் மெலிந்த கறியை மட்டும் நாள்கணக்கில் தின்றால், வயிறு நிறைய நிறையப் பசி எடுக்கும், வயிற்றுப்போக்கு வரும், உடம்பு தளரும். வடதுருவப் பயணிகள் இதற்கு ‘முயல் பட்டினி’ என்றே பெயர் வைத்தார்கள். வில்ஜால்மர் ஸ்டெஃபான்சன் என்ற ஆய்வுப் பயணி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். அதற்கு முன்பே குளிரும் தாகமும் ஆளை முடித்துவிடக்கூடும். என்னைக் கேட்டால் தங்கும் மறைப்பு, தீ, தண்ணீர், தகவல் அனுப்பும் கருவி இவை நான்குக்கும் பிறகுதான் துப்பாக்கி.

சட்டமும் மெல்ல அந்தப் பக்கம் வந்திருக்கிறது. அலாஸ்காவில் பறக்கும் சிறு விமானங்களில் உணவு, கோடரி, தூண்டில், தீ மூட்டும் பொருள் இவற்றோடு ஒரு துப்பாக்கியும் இருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் மாநிலச் சட்டமே சொன்னது. பின்னர் மற்றவற்றை வைத்துக்கொண்டு துப்பாக்கிக் கட்டாயத்தை நீக்கிவிட்டார்கள். ரஷ்யர்கள் வேறு அனுபவத்தில் கற்றார்கள். 1965 மார்ச்சில் அலெக்சி லியோனவும் பாவெல் பெல்யாயெவும் விண்வெளியிலிருந்து திரும்பியபோது குறித்த இடத்தை விட்டு விலகி, யூரல் பக்கத்துப் பனிக்காட்டில் இறங்கி இரண்டு இரவு கழித்தார்கள். ஓநாயும் கரடியும் உலவும் காட்டில் அவர்களிடம் இருந்தது ஒரு கைத்துப்பாக்கி. அந்த அனுபவத்தின் விளைவாக விண்வெளி வீரர்களுக்கென்றே டிபி-82 என்ற மூன்று குழல் துப்பாக்கி செய்து, 1986 முதல் இருபதாண்டுக்கு மேல் கூடவே அனுப்பினார்கள். அதன் பின்கட்டையைக் கழற்றினால் அதுவே வெட்டரிவாள்! இலேசாக்கும் கலையில் இதை மிஞ்ச ஆளில்லை.

அமெரிக்க விமானப்படை இன்று தன் விமானிகளுக்குத் தருவது முயல் துப்பாக்கி அன்று. 2018இல் வெளியே தெரிந்த ஜி.ஏ.யு-5ஏ என்ற ஆயுதத்தில், குழலைக் கழற்றி வைத்த போர்த்துப்பாக்கியோடு 120 தோட்டாக்கள் இருக்கைக்கு அடியில் போகின்றன. பசிக்கு அன்று, எதிரியிடமிருந்து தப்புவதற்கு. பசிக்குப் பதில் வானொலியில் கிடைத்துவிட்டது. விபத்துக் குறிப்பலையைச் செயற்கைக்கோளால் பிடிக்கும் காஸ்பாஸ்-சார்சாட் ஏற்பாட்டில், 1982 செப்டம்பரில் கனடாவின் மலைக்காட்டில் விழுந்த சிறு விமானத்தவர்கள் முதன்முதலாக மீட்கப்பட்டார்கள். அந்த ஏற்பாட்டில் நம் நாடும் உண்டு. பெங்களூரிலும் லக்னோவிலும் தரைநிலையங்கள் இருக்கின்றன.

நம் நாட்டில் மலையேறப் போகும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி .22 துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1991இல் அதற்கு வந்த திருத்தமும் வேட்டைக்குக் கதவை மூடிவிட்டன. எனவே இந்தத் துப்பாக்கி நமக்குத் தாளில் கணக்குப் போடத்தான்.

கணக்கு என்றதும் நினைவு வருகிறது, பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி. குழல் நீளம் 500 மில்லிமீட்டர். மூட்டின் ஆட்டத்தால் நுனி 0.2 மில்லிமீட்டர் விலகுகிறது. இலக்கு 25 மீட்டரில். ரிசீவர் மேல் தொலைநோக்கி இருந்தால் குண்டு எவ்வளவு தவறும்? முன்குறி குழல் நுனியிலும் பின்குறி ரிசீவரிலும் இருந்து, இடைத்தூரம் 625 மில்லிமீட்டர் என்றால் எவ்வளவு? முதலாவதற்கு விடை 10 மில்லிமீட்டர், இரண்டாவதற்கு 2 மில்லிமீட்டர். வழியைப் படம் வரைந்து காட்ட வேண்டும், விடையை மட்டும் எழுதினால் பாதி மதிப்பெண்தான்.